பாசியைக் கொல்லும் முன் அள்ளுங்கள்



வெயில் ஏற ஏறக் குட்டையும் தொட்டியும் பச்சையாகும் காலம் இது. இந்த முறை பாசியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். "ரசாயனம் வேண்டாம், இலை தழையில் ஏதாவது வழி உண்டா?" என்பதே பெரும்பாலும் கேள்வி. உண்டு. ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. அதைப் புரிந்துகொள்ளாமல் செய்தால் பாசி போவதற்கு முன் மீன் போய்விடும். ஆகவே இந்த இதழ் முழுவதையும் பாசிக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் பண்ணைக் குட்டை 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 500 குஞ்சுகள் விட்டு ஐந்து மாதம் ஆகிறது. தண்ணீர் கரும்பச்சையாகி, ஓரங்களில் பாசி போர்வை போலப் படர்ந்துவிட்டது. வேப்பிலையை அரைத்து ஊற்றச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். என் கொழுந்தனார் மயில்துத்தம் போட்டால் ஒரே நாளில் தீரும் என்கிறார். மாடு இரண்டும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. எதைச் செய்வது? (திண்டுக்கல் மாவட்ட வாசகி)

அம்மா, இரண்டையுமே இப்போது செய்ய வேண்டாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாசியும் ஒரு செடிதான். பகலில் வெயிலை வாங்கித் தண்ணீருக்குள் பிராணவாயுவை விடும். இரவில் மீனைப் போலவே அதுவும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீனுக்கு நல்லது. 3க்குக் கீழே இறங்கினால் மீன் திணறும். இந்த நிலையில் மொத்தப் பாசியையும் ஒரே நாளில் கொன்றால் என்ன ஆகும்? செத்த பாசி அத்தனையும் தண்ணீரிலேயே அழுகும். அழுகும்போது மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், அதற்கடுத்த நாள் மிதக்கும். மருந்து மீனைக் கொல்லாவிட்டாலும் செத்த பாசி கொன்றுவிடும்.

மயில்துத்தம் என்பது தாமிர உப்பு. பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். மீனுக்கும் அது நஞ்சு. உப்புத்தன்மை குறைந்த மென்னீரில் இன்னும் கடுமையாக வேலை செய்யும். தாமிரம் மக்கிப் போகாது, குட்டையின் சேற்றில் தங்கிவிடும். செம்மறி ஆடு வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாட்டைவிட ஆட்டுக்குத் தாமிரம் சீக்கிரம் நஞ்சாகும்.

வேப்பிலை இயற்கையானதுதானே என்று கேட்கலாம். இயற்கையில் விளைந்ததெல்லாம் மீனுக்கு நல்லது என்று கணக்கில்லை. இலுப்பைப் புண்ணாக்கை நினைத்துப் பாருங்கள். மீன் விடுவதற்கு முன் களை மீன்களை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்குப் போடுவது மீன் வளர்ப்பில் தெரிந்த முறை. அதிலுள்ள சபோனின் என்ற பொருள் மீனின் ரத்த அணுக்களை உடைத்துக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு தீர்ந்த பிறகு அதே புண்ணாக்கு உரமாகி, குளத்தைப் பச்சையாக்கும். அதாவது ஒரே பொருள் முதலில் மீனைக் கொல்கிறது, பிறகு பாசியை வளர்க்கிறது. வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான். பயிர்ப் பூச்சிக்கு நல்ல மருந்து, அளவு மிஞ்சினால் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் நஞ்சு. கூடை கூடையாக இலையைக் கொட்டினால் அந்த இலை அழுகவும் பிராணவாயு வேண்டும்.

எனவே வரிசை இதுதான்: முதலில் அள்ளுவது, அடுத்து பாசிக்குப் போகும் தீனியை நிறுத்துவது, கடைசியில் வைக்கோல்.

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்

ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாக, முடி போலத் தொங்கினால் அது நூல்பாசி. அள்ளி எடுக்கலாம். குச்சியில் ஒன்றும் தொங்காமல், பச்சைப் பெயிண்டில் முக்கியது போலப் பூசிக்கொண்டு வந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு குட்டைத் தண்ணீர் எடுத்து, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் சாதாரணப் பாசி. மேலே திரண்டு மிதந்தால் நீலப்பச்சைப் பாசி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடு விஷயத்தில் இந்த வித்தியாசம் மிக முக்கியம். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படி மிதந்த பாசியைக் குடித்து ஆடு, மாடு, குதிரைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இலேயே எழுதி வைத்திருக்கிறார். அதே நாட்டில் பாம் தீவில் 1979இல் நடந்தது இன்னும் பெரிய பாடம். குடிநீர் அணையில் பாசி பெருகியது என்று மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் கிட்டத்தட்ட 150 பேர் ஈரல் பாதிப்போடும் வயிற்றுப்போக்கோடும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். உயிரோடு இருக்கும்போது பாசியின் உடலுக்குள் இருக்கும் நஞ்சு, பாசி செத்து உடைந்ததும் தண்ணீரில் கலந்துவிடுகிறது. காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது.

ஆகவே அம்மா, பாட்டில் சோதனை முடியும் வரை மாடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கொடுங்கள். பாசி படர்ந்த ஓரத்துக்கு மாட்டை விடாதீர்கள். மாடு தள்ளாடினாலும், கழிந்தாலும், தீனி எடுக்காமல் நின்றாலும் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். குட்டைத் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து அவரிடம் காட்டுங்கள்.

அள்ளுவது எப்படி?

நூல்பாசியானால் வெயில் வந்த பிறகு, காலை எட்டு மணிக்கு மேல் தொடங்குங்கள். இரண்டு கரையிலும் ஆள் நின்று, பழைய கொசுவலையைக் கயிற்றில் கட்டி இழுத்து ஓரம் சேர்த்து அள்ளலாம். ஒரே நாளில் குட்டையைக் கலக்கிவிடாமல் மூன்று நான்கு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் சத்தெல்லாம் திரும்பக் குட்டைக்குள் போகும். எருக்குழிக்குக் கொண்டுபோங்கள், நல்ல மக்கு உரமாகும். பெயிண்ட் போன்ற பாசியை வெறுங்கையால் தொட வேண்டாம்.

தண்ணீர் முழுதும் பச்சையாக இருந்தால் அள்ள முடியாது. கால் பங்குத் தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். அந்தப் பச்சைத் தண்ணீரில் உரச்சத்து இருக்கிறது, பயிருக்கு லாபம்தான். ஆனால் பாட்டில் சோதனையில் நீலப்பச்சைப் பாசி என்று தெரிந்தால் கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் பாய்ச்சாதீர்கள்.

தீனியை நிறுத்துங்கள்

பாசிக்குத் தீனி மணிச்சத்தும் தழைச்சத்தும்தான். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ டி.ஏ.பி. உரத்தில் ஏறக்குறைய 200 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரு பங்கு பாஸ்பரஸ் கிடைத்தால் நூறு பங்குக்கு மேல் உலர்ந்த பாசி வளர முடியும். அப்படியானால் ஒரு கிலோ டி.ஏ.பி. குட்டைக்குள் கரைந்து போனால் ஈரப் பாசி 200 கிலோ அளவுக்கு வளர அதுவே போதும். மேட்டு வயலிலிருந்து வழியும் தண்ணீரும் மாட்டுத் தொழுவத்தைக் கழுவிய தண்ணீரும் குட்டைக்குள் இறங்கினால், எந்தச் சாறு ஊற்றியும் பயனில்லை. வரப்பை உயர்த்தி அதைத் திருப்பிவிடுங்கள். மீனுக்குச் சாணம் கரைத்து விடுவதையும் இப்போது நிறுத்துங்கள். தீவனம் பத்து பதினைந்து நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போதும்.

மீன் குட்டையில் கொஞ்சம் பச்சை இருக்கத்தான் வேண்டும், அது மீனுக்கு உணவு. கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை மூழ்கும்போதுதான் உள்ளங்கை மறைகிறது என்றால் சரியான பச்சை. முழங்கைக்கு முன்பே மறைந்தால் பச்சை அதிகம்.

கடைசியில் வைக்கோல்

இங்கிலாந்தில் பார்லி வைக்கோலைக் குளத்திலும் கால்வாயிலும் மிதக்கவிட்டுப் பாசியைக் கட்டுப்படுத்தும் முறை 1980களிலிருந்து ஆராயப்பட்டது. செஸ்டர்ஃபீல்டு கால்வாயில் செய்த சோதனையின் முடிவுகள் 1990இல் வெளியாயின. அழுகும் வைக்கோல் போட்ட பகுதியில் நூல்பாசி குறைந்தது. நம் நெல் வைக்கோலின் சாறு, மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் வளர்ச்சியைத் தடுப்பதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2006இல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வைக்கோல், இருக்கும் பாசியைக் கொல்வதில்லை. காற்றோட்டமுள்ள தண்ணீரில் அது மெல்ல மக்கும்போது வெளியாகும் பொருட்கள் புதுப் பாசி வளர்வதைத் தடுக்கின்றன. அதனால்தான் முதலில் அள்ளச் சொன்னேன். எல்லா வகைப் பாசிக்கும், எல்லாக் குளத்திலும் இது ஒரே மாதிரி பலன் தந்ததில்லை. ஆனால் செலவு குறைவு. அளவோடு செய்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை.

அளவு: குட்டையின் ஆழத்தைப் பார்க்க வேண்டாம், பரப்பைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 10 முதல் 25 கிராம் உலர்ந்த வைக்கோல். நம் கணக்கில் சென்ட்டுக்கு 400 கிராம் முதல் ஒரு கிலோ. உங்கள் குட்டை 900 சதுர மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். மீன் இருப்பதால் குறைந்த அளவில் 9 கிலோவோடு தொடங்குங்கள். எந்த நிலையிலும் 22 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

செய்முறை: களைக்கொல்லி, பூச்சிமருந்து அதிகம் அடிக்காத வயலின் காய்ந்த வைக்கோலாக எடுங்கள். வெங்காய மூட்டை வலைப்பையில் இரண்டு கிலோ வீதம் தளர்வாகத் திணியுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே காற்றுப் போகாமல் நாற்றமெடுக்கும். பையோடு மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டைக் கட்டினால் மேல்மட்டத்திலேயே மிதக்கும். கயிற்றில் கல் கட்டி இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் வரும் வாயருகே ஒன்று, மற்றவை குட்டை முழுதும் பரவலாக. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேலை தொடங்கும். நம் ஊரில் அந்தச் சூடு எப்போதும் உண்டு. வைக்கோல் கருத்துக் கூழாகும்போது எடுத்து எருவில் போடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே புதுப் பையை இறக்கிவிட வேண்டும்.

மீன் ஏற்கெனவே விடியலில் மேலே வந்து திணறினால், அல்லது தொடர்ந்து மூடாக்கு வானமாக இருந்தால் வைக்கோல் போடாதீர்கள். அப்போது செய்ய வேண்டியது மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்வது, புதுத் தண்ணீர் விடுவது, தீவனத்தை நிறுத்துவது. வைக்கோல் பிறகு.

நம்பிக்கை வரவில்லை என்றால் சின்னச் சோதனை செய்யலாம். 200 லிட்டர் டிரம் இரண்டில் குட்டைத் தண்ணீரை நிரப்பி வெயிலில் வையுங்கள். ஒன்றில் மட்டும் ஆறு கிராம், அதாவது சிறு பிடி வைக்கோல் போடுங்கள். ஒரு மாதத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொழுந்தனாரையும் அழைத்துக் காட்டுங்கள்.

அடுத்த முறை குஞ்சு விடும்போது வெள்ளிக்கெண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாசியை வடிகட்டித் தின்னும் மீன் அது.

கேள்வி: தேத்தாங்கொட்டை, முருங்கை விதை போட்டால் தண்ணீர் தெளியும் என்று எங்கள் பாட்டி சொல்வார். குட்டைக்குப் போடலாமா? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

பாட்டி சொன்னது சரிதான் தம்பி. ஆனால் அது பானைக்கான வைத்தியம். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்சுவரில் உரைத்து விடுவார்கள். முருங்கை விதைப் பருப்பைப் பொடித்துக் கலக்குவதும் உண்டு. முருங்கை விதையிலுள்ள புரதம், மிதக்கும் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கிறது. கலங்கல் தெளியும், ஆனால் கரைந்திருக்கும் உரச்சத்து அப்படியே இருக்கும். குட்டையில் கலங்கல் தெளிந்தால் வெயில் இன்னும் ஆழமாக இறங்கும். பாசிக்கு அது கொண்டாட்டம்.

பானையிலும் தெளிந்த நீரை வடித்து, காய்ச்சி, அன்றைக்கே குடித்துவிடுங்கள். விதையிலிருந்து இறங்கிய சத்து தண்ணீரில் இருப்பதால் மறுநாள் கெட்டுவிடும். பச்சைப் பாசி மிதக்கும் தண்ணீரை இந்த முறையில் தெளியவைத்துக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைக்கிறது. வேப்ப எண்ணெயோ பஞ்சகவ்யமோ குழாய் வழியே விட்டால் பாசி சாகுமா? (கரூர் மாவட்ட வாசகர்)

சாகாது ஐயா, அடைப்புத்தான் கூடும். எண்ணெய்ப் பசையும் வடிகட்டாத துகளும் சொட்டுவானில் ஒட்டி, அதன்மேல் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் வளரும். கறுப்புக் குழாய்க்குள் வெளிச்சம் இல்லாததால் பாசி அங்கே வளர்வதில்லை. தொட்டியில் வளர்ந்து குழாய்க்கு வருகிறது. ஆகவே தொட்டியைக் கவனியுங்கள். நிழல்வலையோ தென்னங்கீற்றோ போட்டு வெயிலை மறையுங்கள். பண்ணைக் குட்டையிலிருந்து எடுத்தால் உறிஞ்சு குழாயின் வாய் மேல் பாசியிலும் படக்கூடாது, அடிச்சேற்றிலும் படக்கூடாது. நடுவில் தொங்கும்படி மிதவையில் கட்டுங்கள். பாசித் தண்ணீருக்கு வலை வடிகட்டி மட்டும் போதாது. அதற்கு முன்னால் மணல் வடிகட்டி வேண்டும். அதை எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள். குழாயின் கடைசி மூடியை வாரம் ஒருமுறை திறந்துவிட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வாரம் ஒருமுறை பாசி பிடிக்கிறது. எதைப் போடலாம்? (ஈரோடு மாவட்ட வாசகி)

தண்ணீருக்குள் எதையும் போட வேண்டாம் அம்மா. வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, தென்னை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உட்புறம் சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். தொட்டிமேல் கீற்றுப் பந்தல் போட்டால் பாசி குறையும், தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் காலத்தில் கறவை மாடு அதனாலேயே கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்.

கேள்வி: நடவு செய்த வயலில் பாசி திட்டுத்திட்டாக மிதக்கிறது. பயிருக்குக் கேடா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

எல்லாப் பாசியும் கேடு இல்லை ஐயா. நெல் வயலில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. பி.கே. டே என்ற நம் நாட்டு விஞ்ஞானி 1939இல் இதை எடுத்துக்காட்டினார். அதையே உயிர் உரமாக வயலுக்குப் போடுகிறோம். இளநாற்றைப் போர்த்திச் சாய்க்கும் தடித்த பாசிதான் தொல்லை. அதற்குத் தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிட்டாலே பாசி மண்ணோடு ஒட்டி அடங்கும். அடியுர மணிச்சத்தை மேலே தூவாமல் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட்டால் அடுத்த பட்டத்தில் இந்தத் தொல்லை குறையும். வாய்மடையில் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் வடிகால் மீன் குளத்துக்குப் போனால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

குட்டை வைத்திருப்போர் சுவரில் எழுதிக்கொள்ள

1. பச்சை தெரிந்த அன்றே குச்சி, பாட்டில் சோதனை. முடிவு தெரியும் வரை மாட்டுக்கு வேறு தண்ணீர்.
2. பாசியை அள்ளுங்கள், அல்லது கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஒரே நாளில் கொல்லாதீர்கள்.
3. தொழுவத் தண்ணீர், உரத் தண்ணீர் குட்டைக்குள் இறங்காமல் திருப்புங்கள்.
4. அதன் பிறகே வைக்கோல். மீன் குட்டையில் சென்ட்டுக்கு 400 கிராமில் தொடங்கி, ஒரு கிலோவைத் தாண்டாமல்.
5. முதல் இரண்டு வாரம் தினமும் விடியற்காலையில் குட்டையைப் பாருங்கள். மீன் வாயைப் பிளந்தால் மோட்டாரைப் போடுங்கள்.

வைக்கோல் பை போட்டுப் பார்ப்பவர்கள், போட்ட தேதி, அளவு, தண்ணீரின் நிறம் மூன்றையும் குறித்துவைத்து எழுதி அனுப்புங்கள். பலன் இல்லாவிட்டாலும் எழுதுங்கள், அதுவும் மற்றவர்களுக்குப் பாடம். அடுத்த இதழில் கோடை உழவு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.